நான்காம் அத்தியாயம்

1983 ஜூலையில் டெல்லியிலிருந்து ஒரு தடித்த உறை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. தபால் பிரிவிலிருந்து அதை எடுத்துக்கொண்டு ஜி.எம். அறைக்குப் போன சூப்பிரண்டெண்ட் திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. "கமிட்டி நம்மளை எடுத்திருக்காங்கப்பா" என்றார். வருமான வரி ரெய்டு வந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

'எடுப்பது' எங்கள் வட்டாரச் சொல். நாடாளுமன்றத்தின் பொதுத்துறை நிறுவனங்கள் குழு மே 1 முதல் அடுத்த ஏப்ரல் 30 வரை பதவியில் இருக்கும். அந்த ஓராண்டில் எந்தெந்த நிறுவனங்களை ஆராய்வது என்று தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் 'எடுத்துவிட்டார்கள்'. நான் வேலை பார்த்தது சென்னையில் தலைமையகம் கொண்ட ஒரு மத்திய அரசு நிறுவனம். பெயர் வேண்டாம். அது செய்த தவறுகளை மற்ற நிறுவனங்களும்தான் செய்தன.

உறைக்குள் கேள்விகள் இருந்தன. மொத்தம் 142. கணக்குப் பிரிவில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வந்து விழுந்தது 87ஆம் கேள்வி. மூன்றாண்டுக்கு மேல் கிடங்கைவிட்டு நகராத உதிரிபாகங்களின் மதிப்பு என்ன, அவற்றை வாங்க உத்தரவிட்டது யார், கழிக்க என்ன செய்தீர்கள்? எனக்கு அப்போது 29 வயது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நம்புகிற வயது. பதினோரு நாள் லெட்ஜரைப் புரட்டி, தொகையை ஆண்டுவாரியாகப் பிரித்து, இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, சிவப்பு மையால் இரண்டு பக்கத்திலும் குறுக்காக ஒரு கோடு போட்டார். கீழே அவர் கையால் ஒரே வரி எழுதினார்: நகராத சரக்கைக் கண்டறிந்து கழிக்கும் நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.

அந்த ஒரு வரிதான் ஸ்டென்சில் வெட்டப்பட்டு, கெஸ்டட்னர் எந்திரத்தில் அறுபது பிரதி உருண்டு, இந்தி மொழிபெயர்ப்போடு டெல்லிக்குப் போனது.

பிறகு குழு நேரில் வந்தது. சுண்ணாம்பு அடித்தோம், தொட்டிச் செடி வாடகைக்கு எடுத்தோம், அம்பாசடர் கார்களை வரிசையாக நிறுத்தினோம். காலையில் இரண்டு மணி நேரம் தொழிற்கூடம், மதியத்துக்குமேல் மாமல்லபுரம், மறுநாள் காஞ்சிபுரம். பட்டுப்புடவைக் கடைக்கு எந்தக் கார் போவது என்பதற்குத் தனியாக ஒரு பைல் இருந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை, அந்தப் பைலைப் பராமரித்தவன் நான்.

எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது வேட்டி கட்டிய வயதான உறுப்பினர் ஒருவர் மட்டும் கிடங்குப் பக்கம் நடந்தார். துணைக்கு ஓடியவர்களைக் கையமர்த்திவிட்டு, அங்கே நின்ற என்னிடம், "தம்பி, இந்தச் சாமான் கடைசியா எப்ப வெளியே போச்சு?" என்று கேட்டார். அலமாரியில் தொங்கிய பின் கார்டை, அதாவது சரக்கு வந்துபோவதைக் குறிக்கும் அட்டையை, திருப்பிக் காட்டினேன். 1971. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டார். அடுத்த அலமாரி. அடுத்தது. எட்டுப் பத்து எண் எழுதியிருப்பார். "சரி தம்பி" என்று போய்விட்டார்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, குழு எங்களைப் பற்றி எழுதிய அறிக்கையின்மீது அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய அறிக்கை வந்தது. அதைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு இந்த நூல்களின் அமைப்பு புரிந்தது. எந்தத் துறையானாலும் அவற்றுக்கு ஐந்து அத்தியாயம். முதலாவது குழுவின் விமர்சனம். இரண்டாவதில் அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள். மூன்றாவதில், அரசின் பதிலைப் பார்த்துக் குழு வற்புறுத்தாமல் விட்டவை. ஐந்தாவதில், இறுதிப் பதில் இன்னும் வராதவை. இடையில் நான்காவது இருக்கிறதே, அதுதான் முக்கியம். அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்தவை அங்கே வரும். எங்கள் நகராத சரக்கு நான்காவதில் இருந்தது. பின் கார்டு எண்களோடு.

அதற்குப் பிறகு ஆறே மாதத்தில் கிடங்கு ஏலம் விடப்பட்டது. என் இரண்டு பக்கத்தால் ஆகாத காரியம் ஒரு முதியவரின் நோட்டுப் புத்தகத்தால் ஆனது. ஓய்வு பெற்றபின் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து இத்தகைய அறிக்கைகளை வாசிக்கும் பைத்தியம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். நேராக நான்காம் அத்தியாயத்துக்குப் போவேன். மற்றதெல்லாம் பிறகு.

பொதுத்துறை நிறுவனங்கள் குழு பிறந்த கதையில் நம்மூர்க்காரர் ஒருவரின் வீழ்ச்சி இருக்கிறது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. காப்பீடு நாட்டுடைமையாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. டிசம்பரில் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து அதைக் கிழித்துப் போட்டார். மாமனார் நேரு பிரதமர், கேள்வி கேட்பவர் ஆளும் கட்சிக்காரர். நீதிபதி எம்.சி.சாக்ளா பம்பாயில் திறந்த மன்றமாக விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

யார் குற்றவாளி என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அந்த விவகாரத்தில் அம்பலமானது. கழகம் தன்னாட்சி அமைப்பு, அதன் அன்றாட முடிவுக்கு நான் எப்படிப் பொறுப்பு என்பது அமைச்சர் தரப்பு. அமைச்சகம் சொல்லித்தான் வாங்கினோம் என்பது அதிகாரிகள் தரப்பு. பொதுப்பணம் போய்விட்டது, கேட்க ஆள் இல்லை. இந்த ஓட்டையை 1953லேயே லங்கா சுந்தரம் என்ற உறுப்பினர் மக்களவையில் சுட்டிக்காட்டி, பொதுத்துறைக்கென்று தனிக் குழு வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்போது நடக்கவில்லை. முந்த்ரா விவகாரச் சூட்டில் காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சி கிருஷ்ண மேனன் தலைமையில் ஒரு துணைக்குழு போட்டது. அதுவும் தனிக் குழு வேண்டும் என்றே சொன்னது.

அதற்குமுன் குழுக்களே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பொதுக் கணக்குக் குழு மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் பிள்ளை, 1921இல் வந்தது. மதிப்பீட்டுக் குழு 1950 ஏப்ரலில் வந்தது. அதன் முதல் தலைவர் திருப்பதிக்காரரான அனந்தசயனம் அய்யங்கார், பின்னாளில் மக்களவைத் தலைவரானவர். ஐம்பதுகளில் அரசு ஆலைகளைத் துருவியது இந்த இரண்டு குழுக்களும்தான். ஆனால் பொதுக் கணக்குக் குழுவுக்குச் செலவழிந்தபிறகுதான் பைல் வரும். மதிப்பீட்டுக் குழுவுக்கு எல்லா அமைச்சகங்களும் காத்துக் கிடக்கும். உருக்காலையும் உர ஆலையும் நிலக்கரிச் சுரங்கமும் முளைத்துக்கொண்டிருந்த நாட்டில் அவை நேரம் கிடைக்கும்போது பார்க்கிற வேலையாக இருந்தன.

1961 நவம்பரில் அரசு ஒருவழியாகத் தனிக் குழுவுக்கான தீர்மானம் கொண்டுவந்தது. உடனே தகராறு. மாநிலங்களவை உறுப்பினர்களுக்கு அந்தக் குழுவில் இடம் உண்டா? பணம் சம்பந்தப்பட்ட விஷயம் எங்கள் தனியுரிமை என்றார்கள் மக்களவைக்காரர்கள். இரண்டு ஆண்டு இதிலேயே போயிற்று. கல்யாணம் நிச்சயமாகிப் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று நின்றுபோன கதை. கடைசியில் மக்களவையிலிருந்து 10 பேர், மாநிலங்களவையிலிருந்து 5 பேர் என்று முடிவாகி, 1964 மே 1இல் குழு அமைந்தது. அதே மாதம் 27ஆம் தேதி நேரு மறைந்தார்.

அமைந்த குழுவுக்கு விதி எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். அரசின் பெரும் கொள்கை பற்றிய விஷயங்களை ஆராயக் கூடாது. அன்றாட நிர்வாகத்தையும் ஆராயக் கூடாது. கொள்கைக்கும் அன்றாடத்துக்கும் நடுவில் என்னதான் மிச்சம்? எங்கள் அலுவலகத்தில் இதை வைத்து ஒரு ஜோக் உண்டு: வாசற்படி தாண்டக் கூடாது, கொல்லைப்புறம் வரக் கூடாது, வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் இதே கூத்து ஒன்பது ஆண்டு முன்பே நடந்துவிட்டது. தேசியமயமான தொழில்களுக்கென்று 1955இல் அவர்கள் நாடாளுமன்றம் ஒரு குழு போட்டது. அமைச்சர் பொறுப்பில் உள்ளது, ஊதியம், அன்றாட நிர்வாகம் என்று விலக்குகளை அடுக்கியிருந்தார்கள். குழு உட்கார்ந்து யோசித்துவிட்டு, இந்த வரம்புக்குள் செய்வதற்கு உருப்படியாக எதுவும் இல்லை என்று சபைக்கு எழுதிக் கொடுத்தது. மறு ஆண்டு வரம்பைத் தளர்த்திப் புதிதாகப் போட்டார்கள்.

நம்மவர்கள் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். 'உங்கள் விலைக் கொள்கை தவறு' என்று சொன்னால் அது கொள்கை, விதி தடுக்கும். 'ஒரு டன்னுக்கு உங்கள் அடக்கவிலை என்ன, விற்றவிலை என்ன, இடைவெளியை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்' என்று கேட்டால் அது வெறும் கணக்கு. மூன்றாவது கேள்விக்குள் செயலாளர் வாயாலேயே கொள்கை வெளியே வந்துவிடும். கணக்குக் கேட்டே கொள்கைக்குள் நுழைவது இந்தக் குழுக்கள் அறுபது ஆண்டாகச் செய்துவரும் வித்தை.

வாக்குமூலம் நடக்கும் அறையில் ஒரே ஒருமுறை இருந்திருக்கிறேன், பைல் தூக்கிக்கொண்டு போனவனாக. நாடாளுமன்ற இணைப்புக் கட்டடம். குதிரை லாட வடிவ மேஜை, எதிரே சாட்சி. ஆரம்பத்தில் தலைவர் ஒரு விதியை வாசித்துக் காட்டினார். நீங்கள் சொல்வது வெளியிடத் தக்கதாகவே கருதப்படும், ரகசியம் வேண்டுமானால் குறிப்பிட்டுச் சொல்லலாம், சொன்னாலும் உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்படலாம் என்று. எங்கள் நிறுவனத் தலைவரான சி.எம்.டி. தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அமைச்சர் அந்த அறைக்கு வர மாட்டார். அவரை அழைக்கிற வழக்கம் இல்லை, அவர் குழுவில் உறுப்பினராகவும் முடியாது. கொள்கை வகுத்தவர் வெளியே, அதை நியாயப்படுத்த வேண்டியவர் உள்ளே. பத்திரிகைக்காரர்கள் கிடையாது, பார்வையாளர்கள் கிடையாது. கேமரா இல்லாததால்தானோ என்னவோ, ஆளும் கட்சி உறுப்பினர்தான் அன்று அதிகக் கடுமையாகக் கேட்டார். சபையில் கட்சிக் கொறடாவுக்காகக் கை தூக்குகிற அதே மனிதர்.

1993 வரை இந்தக் குழுக்களெல்லாம் நடந்துமுடிந்ததைப் பார்த்தவை. சட்டம் பிறப்பதற்குமுன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கிற நிரந்தர ஏற்பாடு இல்லை. 1989இல் விவசாயம், அறிவியல், சுற்றுச்சூழல் என மூன்று துறைகளுக்கு முன்னோட்டமாகத் தொடங்கி, 1993 ஏப்ரலில் 17 துறைசார் நிலைக்குழுக்கள் வந்தன. 2004இல் அவை 24 ஆயின. எரிசக்திக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று, நிலக்கரிக்கும் உருக்குக்கும் சேர்த்து ஒன்று. மானியக் கோரிக்கை, மசோதா, நீண்டகாலக் கொள்கை ஆவணம் எல்லாம் இவற்றின் மேஜைக்கு வரலாம். 'கொள்கை' என்ற சொல் இப்போது தடை இல்லை, வேலைப்பட்டியலிலேயே இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பரீட்சை மின்சாரம். சட்ட வரைவுகளை ஓட்டத்தில் விட்டவர் திருச்சியிலிருந்து மக்களவைக்குப் போன ரங்கராஜன் குமாரமங்கலம். வாஜ்பாய் அரசில் மின்துறை அமைச்சர். 2000 ஆகஸ்டில் இறந்துவிட்டார், வயது 48. மின்சார மசோதா 2001 ஆகஸ்டில்தான் மக்களவைக்கு வந்தது. சந்தோஷ் மோகன் தேவ் தலைமையிலான எரிசக்தி நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. குழு அதைப் பதினாறு மாதம் வைத்திருந்தது. ஆளும் கூட்டணி அவசரப்பட்டது, பத்திரிகைகள் தாமதம் என்று எழுதின. 2002 டிசம்பரில் அறிக்கை வந்தபோது அரசே பல திருத்தங்களைச் செய்துகொண்டு மறுபடி வந்தது. 2003 ஜூன் 10இல் மின்சாரச் சட்டம் அமலானது.

நம் வீட்டு மீட்டர் அட்டையைப் பார்த்தால் இந்தச் சட்டத்தின் தடம் தெரியும். வாரியங்களைப் பிரிக்கச் சொன்ன சட்டம் அது. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் உடைந்து, டான்ஜெட்கோ, டான்ட்ரான்ஸ்கோ என்ற பெயர்கள் வந்தன. 2024இல் டான்ஜெட்கோவும் உடைந்தது. என் மனைவி இன்றும் 'ஈ.பி.' என்றுதான் சொல்கிறாள், சட்டம் அவளை அசைக்கவில்லை.

குமாரமங்கலம் குடும்பத்தைப் பற்றிச் சொன்னதால் நிலக்கரிக்கும் வந்துவிடுகிறேன். ரங்கராஜனின் தந்தை மோகன் குமாரமங்கலம்தான் இந்திரா காந்தி ஆட்சியில் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியவர். கடைசிக் கட்டச் சட்டம் 1973இல் நிறைவேறிய மே மாதமே டெல்லி விமான விபத்தில் போனார். இருபது ஆண்டு கழித்து, 1993இல், சட்டத்தில் ஒரு சிறு திருத்தம். மின்சாரம் தயாரிக்கும் தனியார், சொந்த உபயோகத்துக்கு நிலக்கரி வெட்டிக்கொள்ளலாம். யாருக்கு எந்தத் தொகுதி என்பதை முடிவு செய்ய அதிகாரிகள் அடங்கிய ஒரு தேர்வுக் குழு. ஏலம் இல்லை, தெளிவான அளவுகோல் இல்லை.

2012 ஆகஸ்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இந்த ஒதுக்கீடுகளால் தனியாருக்குப் போன ஆதாயம் 1.86 லட்சம் கோடி ரூபாய் என்று ஒரு தொகையைச் சொன்னது. நாடே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டது. சபை நடக்கவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில், திரிணமூல் காங்கிரஸின் கல்யாண் பானர்ஜி தலைமையிலான நிலக்கரி, உருக்கு நிலைக்குழு அமைதியாக வேலை பார்த்து 2013 ஏப்ரலில் அறிக்கை வைத்தது. 1993 முதல் 2008 வரை தொகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்ட விதமே அதிகாரமில்லாதது, உற்பத்தி தொடங்காதவற்றை ரத்து செய்யுங்கள் என்றது. எந்தக் கட்சி ஆட்சியில் கொடுத்தது என்று பார்க்கவில்லை. 1993லிருந்து என்று சொன்னால் காங்கிரஸ், ஐக்கிய முன்னணி, பா.ஜ.க. எல்லோரும் அடக்கம். 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீடுகள் சட்டவிரோதம் என்றது, செப்டம்பரில் 218 தொகுதிகளில் 214ஐ ரத்து செய்தது. குழு சொன்னதால்தான் நீதிமன்றம் செய்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதினேழு மாதம் முன்பே ஒரு குழு சொல்லியிருந்ததை அரசு கேட்டிருந்தால், பாதிக் கட்டி நின்ற மின்நிலையங்களில் சில தப்பியிருக்கும்.

குழுக்களைப் புனிதப் பசுவாக்கவும் எனக்கு விருப்பமில்லை. 2010 அணுசக்தி விபத்து இழப்பீட்டு மசோதா அதற்கு உதாரணம். மே மாதம் சபைக்கு வந்த மசோதா சுப்பராமி ரெட்டி தலைமையிலான அறிவியல், சுற்றுச்சூழல் நிலைக்குழுவுக்குப் போனது. அணுமின் நிலையத்தை நடத்துபவர் தரவேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு மசோதாவில் 500 கோடி. குழு அதை 1,500 கோடி ஆக்கச் சொன்னது. கோரிக்கை வைக்கும் காலத்தைப் பத்திலிருந்து இருபது ஆண்டாக்கச் சொன்னது. இரண்டும் நடந்தன. நல்ல வேலை.

கூடவே இன்னொன்றும் நடந்தது. உலை விற்ற கம்பெனியிடமிருந்து இழப்பீட்டைத் திருப்பி வாங்கும் உரிமை எப்போதெல்லாம் உண்டு என்று சொல்லும் 17ஆம் பிரிவில், (அ) ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், (ஆ) குறைபாடுள்ள பொருளால் விபத்து நடந்திருந்தால் என்று தனித்தனி உட்பிரிவுகள். ஆகஸ்ட் 18இல் வந்த அறிக்கையில் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சொல் முளைத்திருந்தது. நம் இலக்கணத்தில் எண்ணும்மை என்கிறோமே, அதுதான். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவும் வேண்டும், குறைபாடும் இருக்கவேண்டும் என்றாகிவிட்டால், எந்தக் கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும்? இடதுசாரிகளும் பா.ஜ.க.வும் கொதித்தார்கள். அரசு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கெடுதல் செய்யும் எண்ணத்தோடு செய்திருந்தால் என்று வேறொரு பூட்டைப் போட்டது. வேண்டுமென்றே உலையை வெடிக்க வைப்பதாக எந்த வியாபாரி ஒப்புக்கொள்வான்! மறுபடி கொதிப்பு. ஆகஸ்ட் 25இல் மக்களவை நிறைவேற்றியபோது இரண்டும் இல்லை. கூடங்குளம் 3, 4ஆம் அலகுகளுக்கு ரஷ்யாவோடு பேச்சு இழுத்ததற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம்.

மூடிய அறையில் ஒரு 'உம்' நுழைய முடிந்தது என்பது ஒருபக்கம். அறிக்கை அச்சில் வந்ததால் ஒரே நாளில் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது என்பது இன்னொரு பக்கம். அமைச்சகத்துக்குள்ளேயே முடிந்திருந்தால் நமக்கு எண்ணும்மையும் தெரிந்திருக்காது, எண்ணமும் தெரிந்திருக்காது.

இன்னொரு வழக்கைச் சொல்லவேண்டும், காரணம் அதன் பெயரில் ஒரு தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. 2018 பிப்ரவரி 12இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. 2,000 கோடிக்குமேல் கடன் உள்ள கணக்கில் தவணை தவறினால் 180 நாளில் தீர்வு, இல்லையென்றால் திவால் மன்றம். நியாயமாகத்தான் தோன்றும். அடுத்த மாதமே எரிசக்தி நிலைக்குழு ஓர் அறிக்கை வைத்தது. நெருக்கடியில் உள்ள 34 அனல்மின் திட்டங்கள், 40,130 மெகாவாட். இவை முடங்கியதற்குக் காரணம் முதலாளிகள் மட்டுமல்ல. நிலக்கரி கிடைக்கவில்லை, மின்சாரம் வாங்க ஒப்பந்தம் இல்லை, வாங்கிய மாநில நிறுவனங்கள் பணம் தரவில்லை. எல்லாத் தொழிலுக்கும் ஒரே கத்தரி வைக்காதே என்பது சாரம். தாரணி சுகர்ஸ் பெயரால் அறியப்படும் தொகுப்பு வழக்கில் 2019 ஏப்ரல் 2இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. தீர்ப்பில் நிலைக்குழு அறிக்கை பேசப்படுகிறது. நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை நீதிமன்றங்கள் கையாளலாம் என்று அரசியல் சாசன அமர்வு முந்தைய ஆண்டுதான் சொல்லியிருந்தது. அந்த ரத்தால் பொதுத்துறை வங்கிகளுக்கு நன்மையா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. கடன் வாங்கியவர்களின் குரல் குழு அறைக்குள் எளிதாகப் போய்ச் சேர்கிறது, வைப்புத்தொகை போட்ட ஓய்வூதியக்காரனின் குரல் போவதில்லை.

15ஆவது மக்களவையில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் சுமார் 16. நூற்றுக்கு எண்பத்துச்சொச்சம் மசோதாக்களுக்கு நான்காம் அத்தியாயம் எழுத வாய்ப்பே இல்லை என்று பொருள். குழுவுக்குப் போன அந்தச் சிலவற்றில் ஒன்றாக 2022 ஆகஸ்ட் 8இல் வந்த மின்சாரத் திருத்த மசோதா இருந்தது. ஒரே பகுதியில் பல கம்பெனிகள் ஒரே கம்பியில் மின்சாரம் விற்கலாம் என்ற மசோதா. எதிர்ப்பு வலுத்ததும் துறை அமைச்சரே எழுந்து நிலைக்குழுவுக்கு அனுப்பக் கேட்டுக்கொண்டார். 2024இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. நம் ஊர் இலவச மின்சாரப் பம்புசெட்டுக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். மறுபடி வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மசோதா அப்படி மறுபடி வரும்போது, குழு பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுக்கும். கருத்துச் சொல்ல விரும்புவோர் இரண்டு பிரதி அனுப்பலாம், ஆங்கிலத்தில் அல்லது இந்தியில், என்று இருக்கும். அறிக்கைகளும் அந்த இரண்டு மொழியில்தான். என் 87ஆம் கேள்விக்கான இரண்டு பக்கத்தை அன்று ஆங்கிலத்தில் எழுதியும் பயனில்லை என்பதால் எனக்கு மொழிமேல் பெரிய நம்பிக்கை இல்லை. பின் கார்டுமேல்தான் நம்பிக்கை. உங்கள் மின்கட்டண ரசீது, மின்தடை நேரம், பம்புசெட்டின் குதிரைத்திறன், எத்தனை ஆண்டாக இணைப்புக்குக் காத்திருக்கிறீர்கள் என்ற தேதி, எல்லாவற்றையும் எண்ணாகக் குறித்துவையுங்கள். விளம்பரம் வரும் நாளில் தமிழிலேயே இரண்டு பிரதி எழுதி அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.